ஒப்பந்தம் எழுதாமல் மணி அடிக்காதீர்கள்

பெறுநர்: எல்லாக் காலத்துக்குமான குத்துச்சண்டைத் தரவரிசைகளில் வாக்களிக்கும் வரலாற்றாய்வாளர்களும் விளையாட்டு இதழ்களின் ஆசிரியர்களும்

பொருள்: மிடில்வெயிட் பிரிவின் கற்பனை மோதல்களுக்கு நிபந்தனைகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டுதல்

மதிப்பிற்குரியீர்,

160 பவுண்டு வரையிலான மிடில்வெயிட் பிரிவில் வெவ்வேறு காலங்களில் பட்டம் வென்றவர்களான மார்வின் ஹாக்லரும் கார்லோஸ் மோன்சோனும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார், சுகர் ரே ராபின்சன் பக்கவாட்டில் வளைத்து வீசும் இடது ஹூக்கைக் கென்னடி கொலோவ்கினின் தாடை தாங்கியிருக்குமா, ஹாரி கிரெப்பைப் பிடித்து நிறுத்தப் பெர்னார்ட் ஹாப்கின்ஸால் முடிந்திருக்குமா என்பன போன்ற கேள்விகளுக்கு நீங்கள் வழங்கும் தீர்ப்புகளைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். உங்களில் பலர் என்னைவிட மிகுதியாகப் படித்தவர்கள், நான் பார்க்காத படச்சுருள்களைப் பார்த்தவர்கள். ஆகவே உங்கள் தீர்ப்புகள் சரியா தவறா என்று வாதிட இந்த மடலை எழுதவில்லை. "ஹாக்லர், புள்ளிகளில்" என்று எழுதுகிறீர்கள். எத்தனை சுற்றுகளின் புள்ளிகளில் என்று எழுதுவதில்லை. "ராபின்சன், நாக் அவுட்" என்கிறீர்கள். எந்த ஆண்டு ராபின்சன் என்று சொல்வதில்லை. நிஜப் போட்டியில் முதல் குத்து விழுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இரு தரப்பும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் பேரம் பேசி, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். கற்பனைப் போட்டிக்கு மட்டும் அது வேண்டாம் என்று எப்போது முடிவானது?

இதைச் சில்லறை விவரம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு ஹாக்லரின் வாழ்க்கையே போதிய சான்று. 1983 நவம்பர் 10 அன்று லாஸ் வேகாஸில் ராபர்டோ டுரானுடன் அவர் மோதியது 15 சுற்றுப் போட்டி. 135 பவுண்டுப் பிரிவில் பட்டம் வென்று, பிரிவு பிரிவாக மேலேறி வந்தவர் டுரான். அவரை ஹாக்லர் எளிதில் நசுக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் அன்று திகைத்துப் போனார்கள். 13 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களில் இருவருடைய அட்டைகளில் டுரான் ஒரு புள்ளி முன்னால் இருந்தார், மூன்றாமவர் அட்டை சமமாக நின்றது. கடைசி இரண்டு சுற்றுகளையும் ஹாக்லர் தன்வசமாக்கியதால்தான் பட்டம் அவரிடமே தங்கியது. அந்த இரண்டு சுற்றுகளே இல்லாத ஓர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, ஏனென்றால் நான்கு ஆண்டுகளுக்குள் அப்படி ஒன்றில் அவர் கையெழுத்திட்டார். 1987 ஏப்ரல் 6 போட்டிக்காகச் சுகர் ரே லெனார்டின் தரப்பு பணத்தில் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மூன்றைக் கேட்டு வாங்கியது: 15 சுற்றுக்குப் பதில் 12, எட்டு அவுன்ஸ் கையுறைக்குப் பதில் பத்து, ஓடியாட 20 அடி மேடை. மூன்றுமே கால் வேகத்தை நம்பும் ஒருவருக்கு ஆதாயம், துரத்திப் பிடித்து அடிப்பவருக்கு இழப்பு. அன்றிரவு, சுற்றை வென்றவருக்குப் பத்துப் புள்ளி, தோற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பது என்ற கணக்கில், ஒரு நடுவர் 118-110 என்றும் இன்னொருவர் 115-113 என்றும் லெனார்டுக்கு அளித்தார்கள். மூன்றாமவர் அதே 115-113-ஐ ஹாக்லருக்கு அளித்தார். அதன்பின் ஹாக்லர் மேடை ஏறவேயில்லை. குத்துச்சண்டை உலகமோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பைப் பற்றியே சண்டையிடுகிறது. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

15 சுற்று 12 ஆனதற்கு ஒரு மரணம் காரணம் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதி 14-ஆம் சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்தார். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் உடனே பட்டப் போட்டிகளை 12 சுற்றாகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்தொடர்ந்தன. அந்த மாற்றம் சரியானதே, அதை மீட்டுத் திருப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் 12 சுற்றுக்காக உடலைப் பழக்கிய கொலோவ்கினையும், 1907-இல் கலிஃபோர்னியாவின் கோல்மாவில் 45 சுற்றுக்கு ஒப்புக்கொண்டு ஜோ தாமஸை 32-ஆம் சுற்றில் வீழ்த்திய ஸ்டான்லி கெட்செலையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, சுற்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது, ஓட்டப் பந்தயம் என்று மட்டும் அறிவித்துவிட்டு நூறு மீட்டரா மாரத்தானா என்று சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

நடுவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஹாக்லர்-லெனார்ட் போட்டியை நான் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்துப் புள்ளி போட்டேன். வர்ணனையோடு பார்த்தபோது லெனார்ட் இரண்டு புள்ளி முன்னால் வந்தார். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தபோது ஹாக்லர் இரண்டு புள்ளி முன்னால் வந்தார். மூன்றாம் முறை, ஒவ்வொரு சுற்றின் கடைசி முப்பது விநாடிகளில் லெனார்ட் பொழியும் குத்துகளில் எத்தனை கையுறையிலும் முழங்கையிலும் பட்டுச் சிதறுகின்றன என்று எண்ணிக்கொண்டே பார்த்தேன், 114-114. ஒரே அறையில், ஒரே நாற்காலியில், ஒரே கண்களுக்கு, நடந்து முடிந்த ஒரு போட்டி மூன்று முடிவுகளைத் தந்தது. நடக்கவே நடக்காத போட்டிக்கு உங்களில் முப்பது பேர் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பைவிட ஐயமே மிகுகிறது. 1951 ஜூலையில் லண்டனில் ராபின்சனை ராண்டி டர்பின் வென்றபோது முடிவைச் சொன்னவர் மேடையில் இருந்த நடுவர் ஒருவர் மட்டுமே. பிரிட்டிஷ் வழக்கம் அது. 2017-இல் கொலோவ்கினும் கனேலோ அல்வரெஸும் சமன் செய்தபோது மூன்று பேர் மேடையோரம் அமர்ந்து, 118-110 கனேலோவுக்கு, 115-113 கொலோவ்கினுக்கு, 114-114 யாருக்கும் இல்லை என்று மூன்று திசைகளில் போனார்கள். கற்பனைப் போட்டியில் புள்ளி போடுவது யார், எந்த முறையில் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரி பெற வேண்டும்.

அடுத்து, எடை. இந்தப் பிரிவின் உச்சவரம்பு கிரெப் காலந்தொட்டு 160 பவுண்டு என்பதால் இதில் குழப்பமில்லை என்று தோன்றலாம். குழப்பம் எண்ணில் இல்லை, நாளில் இருக்கிறது. பழைய காலத்தில் எடைபார்ப்பு போட்டி நாளன்றே நடந்தது; காலையில் தராசில் ஏறியவர் ஏறத்தாழ அதே உடலோடு இரவில் மேடை ஏறினார். இன்று அது முந்தைய நாளே முடிந்துவிடுகிறது. நீரை வற்றவைத்து 160-ஐத் தொட்ட உடல், ஓர் இரவும் ஒரு பகலும் உண்டு குடித்து ஊறி, வேறோர் உடலாகக் கயிறுகளுக்குள் நுழைகிறது. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு மட்டும் போட்டி நாள் காலையில் மறுபடி எடைபார்த்து, வரம்பைவிடப் பத்துப் பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. 2017 மார்ச்சில் கொலோவ்கினுடன் மோதவிருந்த டேனியல் ஜேக்கப்ஸ் அந்தக் காலைத் தராசுக்கு வரவேயில்லை. அந்த அமைப்பின் பட்டம் தனக்குக் கிடைக்காமல் போனாலும் போகட்டும், உடல் பெரிதாக இருக்கட்டும் என்பதே அவர் கணக்கு. கொலோவ்கினின் 23 தொடர் நாக் அவுட்டுகள் அன்றிரவுதான் முடிவுக்கு வந்தன. 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஜேக் லமோட்டாவிடமிருந்து மிடில்வெயிட் பட்டத்தைப் பறித்த ராபின்சன் தராசில் காட்டியது 155½ பவுண்டு. அந்த ராபின்சனை எந்தத் தராசின் அருகில், எந்த நாளில் கொலோவ்கினுக்கு எதிரே நிறுத்துகிறீர்கள்? பழைய விதிப்படி என்றால் கொலோவ்கின் தன் பலத்தில் ஒரு பகுதியைத் தராசிலேயே விட்டுவிட்டு வருவார். புதிய விதிப்படி என்றால் ராபின்சன் தன்னைவிடக் கணிசமாகப் பெரிய ஒருவரிடம் மாட்டிக்கொள்வார். இரண்டும் ஒரே போட்டி அல்ல.

ராபின்சனைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் என் மனக்குறை ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மிடில்வெயிட் பட்டியலில் நீங்கள் ஏற்றும் ராபின்சன் உண்மையில் இரண்டு மனிதர்கள். ஒருவர் 1940-களின் வெல்டர்வெயிட்; 147 பவுண்டில் யாராலும் தொட முடியாதவர், 40 போட்டிகளில் தொடர்ந்து வென்றபின் 1943 பிப்ரவரியில் தன்னைவிட ஏறத்தாழ 16 பவுண்டு கனமான லமோட்டாவிடம் டெட்ராய்ட்டில் முதல் தோல்வி கண்டவர். மற்றவர் 1950-களின் மிடில்வெயிட். பட்டத்தை ஐந்து முறை வென்றவர், ஆகவே அதை மீண்டும் மீண்டும் இழந்தவரும்கூட. முதலாமவரின் கால்களை இரண்டாமவரின் உடம்பில் பொருத்தி, அவருக்கு வயதே ஏறாதபடி செய்து, ஹாக்லருக்கும் மோன்சோனுக்கும் எதிரே அனுப்புகிறீர்கள். முதலாமவரைக் காட்டும் படச்சுருள் மிக மிகக் குறைவு என்பதால் இந்த ஒட்டுவேலை யார் கண்ணிலும் உறுத்துவதில்லை. இரண்டாமவரை நாம் நன்றாகவே பார்த்திருக்கிறோம், அவருக்கு ஒட்டுவேலை தேவையும் இல்லை. 1957 மே 1 அன்று, 36 வயது நிறைய இரண்டே நாள் இருந்தபோது, சிகாகோவில் ஜீன் ஃபுல்மரை ஐந்தாம் சுற்றில் வீழ்த்திய அந்த இடது ஹூக்கை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன்பே வலக்கையால் உடம்பில் அடித்து அடித்து, எதிராளியின் காப்புக் கை ஓர் அங்குலம் கீழே இறங்கப் பழக்கிவிடுகிறார். அந்த ஓர் அங்குலம் திறந்த கணத்தில் ஹூக் கிளம்பிவிட்டது. அதுவரை நாக் அவுட் என்பதையே அறியாத ஃபுல்மர் எழுவதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். நான் கேட்பதெல்லாம், ஹாக்லருக்கு எதிரே 1951-இன் ராபின்சனா, 1957-இன் ராபின்சனா என்று நீங்கள் எழுத வேண்டும் என்பதே. அவருடைய 19 தோல்விகளில் பெரும்பாலானவை 35 வயதுக்குப் பின் வந்தவை என்பதால் அவருக்கும் இது நியாயம் செய்யும்.

ஹாரி கிரெப் விஷயத்தில் என் வேண்டுகோள் இன்னும் கடுமையானது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கிரெப் முந்நூறு அளவிலான போட்டிகளில் மோதியவர். பின்னாளில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஜீன் டன்னியை 1922-இல் வென்றவர், டன்னியின் வாழ்க்கையில் அது ஒன்றே தோல்வி. 1923 முதல் 1926 வரை மிடில்வெயிட் பட்டம் அவரிடம் இருந்தது. வாழ்க்கையின் பிற்பகுதி முழுவதும் ஒரு கண் பார்வையோடு சண்டையிட்டவர். டைகர் ஃப்ளவர்ஸிடம் பட்டத்தை இழந்த அதே 1926-இல், 32 வயதில், அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தவர். இவ்வளவு செய்தவரின் ஒரு போட்டிகூடப் படச்சுருளில் நமக்குக் கிடைக்கவில்லை. இருப்பது 1925-இல் எடுக்கப்பட்ட பயிற்சிக் காட்சி சில நிமிடங்கள். அதில் வேடிக்கையும் விளையாட்டுமாகத் துள்ளும் ஓர் இளைஞரைப் பார்க்கலாம், ஆனால் மெய்யான எதிராளி மீது மெய்யாக விழும் ஒரு குத்தைப் பார்க்க முடியாது. அவருடைய வெற்றி தோல்விக் கணக்கே பாதிக்கு மேல் செய்தித்தாள் நிருபர்களின் கருத்திலிருந்து கட்டப்பட்டது, ஏனென்றால் அக்காலத்தில் பல மாநிலங்களில் இருவரும் கடைசி மணி வரை நின்றுவிட்டால் முடிவு அறிவிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலைத் தாள்களில் யார் வென்றார் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு. அந்த நிருபர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் குத்து வந்ததாக எழுதும் அவர்களை நம்பித்தான் கிரெப்பை என் பட்டியலில் முதல் மூவருக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் அவர் என்ன சாதித்தார் என்று மதிப்பிடுவது வேறு, ஹாப்கின்ஸின் இடது கையை ஆறாம் சுற்றில் எப்படித் தாண்டி உள்ளே வருவார் என்று விவரிப்பது வேறு. முன்னதற்கு ஆவணம் இருக்கிறது. பின்னதை எழுதும் ஒவ்வொருவரும் தாம் ஒருபோதும் பார்த்திராத ஒரு மனிதரின் கால்வைப்பை வர்ணிக்கிறார். தரவரிசையில் கிரெப்பை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்; கற்பனை மோதல் அட்டவணையில் அவர் பெயருக்கு எதிரே "படம் இல்லை" என்று மட்டும் எழுதிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

படம் இருக்கும் இடங்களிலோ இதற்கு நேர்மாறான வசதி நமக்கு இருக்கிறது, அதை நீங்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. தலைமுறைகளை இணைக்கும் பொது எதிராளிகளைச் சொல்கிறேன். ஹாக்லர் 1980-இல் லண்டனில் ஆலன் மின்டரிடமிருந்து பட்டத்தை வென்றார். மின்டர் 1977-இல் எமில் கிரிஃபித்தை அவரது கடைசிப் போட்டியில் வென்றவர். கிரிஃபித் 1966-இல் டிக் டைகரையும், டைகர் 1962-இல் ஃபுல்மரையும் வென்றார்கள். ஃபுல்மர் ராபின்சனோடு நான்கு முறை மோதினார். ஹாக்லரிலிருந்து ராபின்சன் வரை ஒரு கை இன்னொரு கையைத் தொட்டுக்கொண்டே போகிறது. சங்கிலி நீள நீளச் சான்று நீர்த்துப்போகும் என்பது உண்மை. 39 வயதுக் கிரிஃபித்தை வென்றது மின்டரைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆனால் ஒரே கண்ணியில் முடியும் சங்கிலியும் ஒன்று இருக்கிறது. ஃபிலடெல்பியாவின் பென்னி பிரிஸ்கோ, மோன்சோனோடு 1967-இல் சமன் செய்தார், 1972 நவம்பரில் புள்ளிகளில் தோற்றார். 1978 ஆகஸ்டில் ஹாக்லரிடமும் பத்துச் சுற்றில் புள்ளிகளில் தோற்றார். 1972 போட்டியின் ஒன்பதாம் சுற்றில் பிரிஸ்கோவின் வலக்கை பட்டு மோன்சோன் தடுமாறிக் கயிற்றைப் பற்றும் காட்சியைப் பாருங்கள், பிறகு அடுத்த சுற்றுகளில் அவர் எவ்வளவு நிதானமாகத் தூரத்தை மீட்டெடுக்கிறார் என்பதையும் பாருங்கள். ஹாக்லரை எதிர்கொண்டபோது பிரிஸ்கோவுக்கு 35 வயது, மோன்சோனை இரண்டாம் முறை எதிர்கொண்டபோது 29; அந்த ஆறு ஆண்டுகளைக் கழித்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். கழித்தபின் மிஞ்சுவது கொஞ்சமே என்றாலும், அந்தக் கொஞ்சம் கண்ணால் கண்டது.

இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்போர் உங்களிலும் சிலர் இருக்கக்கூடும். அதுவும் முன்பே நடந்து பார்த்த கூத்துதான். 1967-இல் மியாமியின் வானொலித் தயாரிப்பாளர் மரே வோரோனர் ஹெவிவெயிட் வீரர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றி ஒரு கற்பனைப் போட்டித் தொடரை ஒலிபரப்பினார். முகமது அலி காலிறுதியில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகக் கணினி சொன்னது; அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். சமரசத்தின் விளைவாக அவரும் ராக்கி மார்சியானோவும் 1969-இல் மேடையில் நடித்துக் கொடுத்தார்கள். தொப்பையைக் குறைத்து, பொய்முடி வைத்துக்கொண்டு மார்சியானோ நின்றார். முடிவுகள் பல விதமாகப் படமாக்கப்பட்டு, எது காட்டப்படும் என்று நடித்தவர்களுக்கே தெரியாமல் வைக்கப்பட்டது. இதில் கணினியின் குற்றம் எதுவும் இல்லை, இட்டதைத்தான் அது திருப்பிக் கொடுத்தது. என்ன இட்டார்கள், எந்த விதிகளின்படி என்பது கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை, உங்கள் வாசகர்களுக்கு இன்று சொல்லப்படாதது போலவே.

வெறும் குறை சொல்லி நிறுத்துவது முறையல்ல என்பதால், மோன்சோனுக்கும் ஹாக்லருக்கும் நானே ஓர் ஒப்பந்தம் வரைந்திருக்கிறேன். மோன்சோன்: 1972-ஆம் ஆண்டு, பிரிஸ்கோவைச் சந்தித்த மாதத்து உடல். ஹாக்லர்: 1983-ஆம் ஆண்டு, டுரானைச் சந்தித்த மாதத்து உடல். எடைபார்ப்பு போட்டி நாள் காலையில், 160 பவுண்டு. கையுறை எட்டு அவுன்ஸ். இடம், இருவருக்கும் சொந்த ஊராக இல்லாத மான்டி கார்லோ. மேடை 18 அடி. மூன்று நடுவர்கள், சுற்றுக்குப் பத்துப் புள்ளி முறை. இவ்வளவும் எழுதியபின் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்: சுற்றுகள். 12 என்று நீங்கள் எழுதினால் என் தீர்ப்பு மோன்சோனுக்கு. எதிராளியைத் தள்ளியே நிறுத்தும் அவருடைய நீண்ட இடது ஜாபை, அதாவது நேர்க்குத்தை, தாண்டி உள்ளே வரும் வழியைக் கண்டுபிடிக்க ஹாக்லருக்கு ஐந்தாறு சுற்றுகள் ஆகும், டுரானிடமும் லெனார்டிடமும் ஆனது போலவே, அந்த இழப்பை ஈடுகட்ட நேரம் இருக்காது. 15 என்று எழுதினால், 14-ஆம் சுற்றில் கிரிஃபித்தை நிறுத்தியவர் மோன்சோன் என்பதையும், 1979-இல் வீட்டோ அன்டுவோஃபெர்மோவிடம் 15 சுற்று ஓடியும் ஹாக்லரால் சமனே செய்ய முடிந்தது என்பதையும் மறக்காமலேயே, ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஹாக்லருக்கு எழுதுவேன். 1964-க்குப் பின் யாரிடமும் தோற்காத ஒருவரைத் தோற்கடிப்பது எனக்கும் எளிதாக இல்லை. மேடைக்கு வெளியே, தன் வாழ்க்கைத்துணையைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறை சென்று, விடுப்பில் வந்தபோது 1995-இல் கார் விபத்தில் மாண்டவர் அவர். அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றே நகர்கிறது, இருந்தாலும் அதைப் புள்ளி அட்டையில் ஏற்ற முடியாது.

ஒப்பந்தத்தின் நகலை இத்துடன் பொதுவில் வைக்கிறேன். வெறுமையாக உள்ள கட்டத்தில் எண்ணை எழுதி, கீழே கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். என் புள்ளி அட்டையைச் சுற்றுவாரியாக, காரணங்களோடு, உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தீர்ப்புகளைத் தவறாமல் படிக்கும் ஒரு பார்வையாளன்